பள்ளிக்கூட ஆப்: ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை பயன்படுத்திய அனுபவம்

எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டுத் தோழியின் மகள் வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்கிறாள். என் மகன் படிக்கும் அதே பள்ளி. இந்த வருஷம் கட்டணச் சீட்டில் 'பெற்றோர் ஆப்' என்று தனியாக ஒரு வரி போட்டு, விருப்பமிருந்தால் கட்டலாம் என்று எழுதியிருக்கிறார்கள். "கட்டட்டுமா, வேண்டாமாக்கா?" என்று கேட்டாள். லிஃப்ட்டில் நின்று சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. பெங்களூரில் ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம் பக்கம் இன்னும் பல தமிழ் வீடுகளில் இதே கேள்வி இருக்கும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

ஆப்பின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஒரே நிறுவனம் செய்த ஆப்பைப் பள்ளிகள் தங்கள் பெயரும் சின்னமும் போட்டுத் தருகின்றன. உங்கள் பள்ளி தருவதும் இதுவாகவே இருக்கலாம். டைரி, சர்க்குலர், வருகைப்பதிவு, கட்டணம், வேன் எங்கே வருகிறது, வகுப்பு போட்டோக்கள் என்று உள்ளே என்னென்ன இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது அதன் மணியைப் பற்றி.

இந்த ஆப்பில் எது வந்தாலும் ஒரே மணிதான். காலையில் வேன் கிளம்பினால் 'டிங்'. மகன் வகுப்பில் இருக்கிறான் என்று வருகை போட்டால் 'டிங்'. யாருக்கோ பிறந்தநாள், 'டிங்'. நாளைக்கு மஞ்சள் நிற உடை, 'டிங்'. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்பது மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பை கொள்கை. பள்ளியும் அதை ஒழுங்காகப் பின்பற்றியது, அதற்கு நன்றி. ஆனால் ஆப்பில் ஹோம்வொர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் டைரியைச் சேமிக்கவே முடியாதாம். அதனால் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் தினமும் மூன்றரை மணிக்கு 'இன்று வீட்டுப்பாடம் இல்லை' என்று ஒரு 'டிங்' வந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் சின்ன எரிச்சல், பழகிப் போகும் என்று சொல்வார்கள். பழகிப் போவதில்தான் ஆபத்து இருக்கிறது. 2023 டிசம்பர் 1 வெள்ளிக்கிழமை, பெங்களூரில் 40க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்த நாள். அது புரளி என்று தெரிந்தது அப்புறம்தான். எங்கள் பள்ளிக்கு மின்னஞ்சல் வரவில்லை. முன்னெச்சரிக்கையாகப் பிள்ளைகளை அழைத்துப் போகச் சொன்னார்கள். சொன்னது இந்த ஆப்பில், அதே 'டிங்'கில். அதற்கு மேலே மூன்றாம் பருவக் கட்டண நினைவூட்டல், கீழே தோட்டத்தில் செடி நட்ட போட்டோக்கள், நடுவில் 'பெற்றோர் உடனே வந்து குழந்தையை அழைத்துச் செல்லவும்'. நான் ஒயிட்ஃபீல்டு ஆபீசில் மீட்டிங்கில் இருந்தேன். எனக்கு விஷயம் தெரிந்தது வேன் ஓட்டும் அண்ணன் போன் செய்த பிறகு. "மேடம், மெசேஜ் பார்க்கலையா? பையன் கேட் பக்கம் நிற்கிறான், நீங்க வர்ற வரைக்கும் நான் கூடவே இருக்கேன்" என்றார். மெட்ரோ பிடித்து கே.ஆர்.புரம் வந்து சேரும் வரை என் உயிர் என்னிடம் இல்லை. அந்த அண்ணனுக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டவள்.

அதற்கு முன்பே, அந்த ஆண்டு செப்டம்பர் 26 காவிரி நீருக்காக நடந்த முழு அடைப்புக்கு விடுமுறை விட்டதும் இப்படித்தான் வந்தது. முந்தைய நாள் இரவு வந்த அறிவிப்பு மற்ற 'டிங்'குகளோடு கலந்து கிடந்தது. 2024 அக்டோபரில் மழைக்காக 16ஆம் தேதி விடுமுறை விட்டபோதும் அதே கதை. அன்று காலை எங்கள் தெருமுனையில் சீருடையோடு, குடையோடு எத்தனை பிள்ளைகள் நின்றார்கள்! விடுமுறை என்பதைத் தாமதமாகச் சொன்னதற்குப் பள்ளியைக் குறை சொல்ல முடியாது. மாவட்ட நிர்வாகம் இரவில் அறிவித்தால் பள்ளியும் இரவில்தான் சொல்லும். அந்த ஒரு அறிவிப்பு மட்டும் தனிச் சத்தத்தோடு வந்திருந்தால் போதும் என்பதுதான் என் குறை. பால்காரர் சைக்கிள் மணியும் தீயணைப்பு வண்டியின் மணியும் ஒன்றுபோல ஒலித்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

நான் வேலை செய்வதும் மொபைல் ஆப் துறையில்தான். அதனால்தான் கோபம் கூடுகிறது. 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோதே நோட்டிபிகேஷன்களை வகை வகையாகப் பிரிக்கும் வசதி வந்துவிட்டது. அவசரம் ஒரு வகை, கட்டணம் ஒரு வகை, போட்டோ ஒரு வகை என்று ஆப் செய்பவர்கள் பிரித்துக் கொடுத்தால், எதற்கு எந்தச் சத்தம், எதற்குச் சத்தமே வேண்டாம் என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் போனில் செட்டிங்ஸ் போய், அந்த ஆப்பின் நோட்டிபிகேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வங்கி ஆப்புகளில் இப்படி நாலைந்து வகையாவது இருக்கும். எங்கள் பள்ளி ஆப்பில் 'பொது' என்று ஒரே ஒரு வகை இருக்கிறது. அதை அணைத்தால் எல்லாம் அணையும். ஐபோனிலும் 2021 முதல் அவசரமானவை மட்டும் அமைதி நேரத்தைத் தாண்டி ஒலிக்க வழி இருக்கிறது. இதையும் ஆப் செய்தவர்கள் தொடவில்லை. இது மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலையே இல்லை. ஒரு டெவலப்பர் உட்கார்ந்தால் சில நாள்களில் முடிப்பார். ஆப்பின் உதவி மையத்துக்கு எழுதினால் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு பதில் வருகிறது. அதுவும் 'டிங்' என்றுதான் வருகிறது.

போன கோடையில் ஒரு அப்டேட் வந்தது. அனுப்பும்போது 'முக்கியம்' என்று குறிக்க ஒரு பொத்தான் சேர்த்தார்கள். எனக்கு மிகவும் சந்தோஷம். ஒரே வாரத்தில் கட்டணம், வேன் நேர மாற்றம், விளையாட்டு விழாவுக்கு டி-ஷர்ட் அளவு, எல்லாமே சிவப்பில் 'முக்கியம்' என்று வர ஆரம்பித்தன. இதில் வகுப்பு ஆசிரியைகளைத் திட்டுவது நியாயமில்லை. இந்த ஒரே குழாயில் ஆபீஸ், கணக்குப் பிரிவு, வேன் பிரிவு, வகுப்பு மிஸ் என்று நாலு பேர் தண்ணீர் விடுகிறார்கள். ஒருவர் அனுப்புவது இன்னொருவருக்குத் தெரியாது. மிஸ்ஸும் இன்னொரு பள்ளியில் படிக்கும் தன் பிள்ளைக்காக இதே போல ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்தான்.

சரி, இவ்வளவு சொன்னவள் ஏன் இன்னும் ஆப்பை அழிக்கவில்லை என்றால், வெள்ளிக்கிழமைக் குறிப்புக்காக.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு மிஸ் ஒரு குறிப்புப் போடுவார். இந்த வாரம் என்ன நடந்தது, வீட்டில் பிள்ளையிடம் என்ன கேட்கலாம், அவ்வளவுதான். நாலைந்து வரிக்கு மேல் போகாது. மதிப்பெண் இருக்காது, 'பின்தங்கியிருக்கிறார்' இருக்காது. மூன்றாம் வகுப்பில் அளவுகள் நடத்தியபோது வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 'வீட்டில் பால் பாக்கெட்டைக் கொடுத்து, எத்தனை பாக்கெட் சேர்ந்தால் ஒரு லிட்டர் என்று கேளுங்கள். விடை தவறானால் உடனே திருத்த வேண்டாம், எப்படிக் கணக்குப் போட்டாய் என்று கேளுங்கள்.' அது இங்கே கர்நாடகத்தில் நந்தினி பால் விலையை இரண்டு ரூபாய் ஏற்றி, அரை லிட்டர் பாக்கெட்டில் 50 மில்லி கூட்டிக் கொடுத்த வருஷம். நான் இரண்டு என்ற பதிலை எதிர்பார்த்து நிற்கிறேன். அவன் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அம்மா, இதில் 550 போட்டிருக்கு. ரெண்டு எடுத்தா லிட்டருக்கு மேல போயிடும்" என்றான். அப்புறம் எவ்வளவு மிச்சம் என்று விரல் விட்டு எண்ணி, நூறு மில்லி என்றான். திங்கள்கிழமை வகுப்பில் போய் அதைச் சொன்னதும், எல்லோரும் வீட்டிலிருந்து காலி பாக்கெட் கொண்டுவர வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக் குறிப்பு முழுக்க அந்தப் பாக்கெட் கணக்குதான்.

இந்தக் குறிப்பு எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு தேவைப்பட்டது என்பதற்குக் காரணம் இருக்கிறது. மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் புதுப் பாடப்புத்தகங்கள் 2023இல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கும், 2024இல் மூன்றாம் வகுப்புக்கும், 2025இல் நான்காம் வகுப்புக்கும் வந்தன. என் மகன் அந்தந்த ஆண்டில் சரியாக அந்தந்த வகுப்பில் இருந்தான். வருஷா வருஷம் புதுப் புத்தகம். மாடிவீட்டு அண்ணனின் பழைய நோட்டு உதவாது, எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டால் அவளுக்கே தெரியாது. கணக்கை இப்போது எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரியாமல் நம் வழியில் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிப் பிள்ளையைக் குழப்பாமல் இருக்க, இந்த நாலு வரி எங்களுக்குத் துணை நின்றது.

அதைவிடப் பெரிய துணை கன்னட மிஸ்ஸின் குரல். கர்நாடகத்தில் எந்தப் பாடத்திட்டப் பள்ளியாக இருந்தாலும் கன்னடம் கற்பிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டே சட்டம் இருக்கிறது. அது நல்லதுதான், இந்த ஊரில் வாழ்கிற பிள்ளைக்கு இந்த ஊர் மொழி வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நான் மதுரை, அவர் கும்பகோணம். கடையில் பேசுவோம், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஒத்தக்ஷரம் என்கிற கன்னடக் கூட்டெழுத்து ஆரம்பித்தபோது, எழுத்துக்குக் கீழே சின்னதாக இன்னொரு எழுத்து தொங்குவதைப் பார்த்து மகன் மிரண்டுவிட்டான். தமிழில் புள்ளி வைத்து எழுதியே பழகியவன். அந்த வெள்ளிக்கிழமை கன்னட மிஸ் ஒரு நிமிஷத்துக்கும் குறைவான ஆடியோ ஒன்று போட்டிருந்தார். ஹக்கி (பறவை), பெக்கு (பூனை), பட்டெ (துணி), மொட்டெ (முட்டை) என்று ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம், நடுவில் பிள்ளை திருப்பிச் சொல்ல இடைவெளி விட்டு. மகன் திருப்பிச் சொல்வதற்கு முன் என் மாமியார் சொல்லிவிட்டார். அவர் 'பெக்கு'வில் 'b' என்று மென்மையாக ஒலிக்க வேண்டிய 'ப'வைத் தமிழ் 'ப'வாக அழுத்திச் சொல்ல, "இல்ல பாட்டி, மெதுவா" என்று இவன் திருத்த, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் தள்ளுவண்டிக்காரரிடம் முட்டை இருக்கிறதா என்று மாமியார் கன்னடத்தில் கேட்டுவிட்டு வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் அவருக்கும் ஒரு மிஸ் கிடைத்துவிட்டார்.

அப்படிப்பட்ட ஆடியோக்களை இந்த ஆப் என்ன செய்தது தெரியுமா? மே கடைசியில் 'புதிய கல்வியாண்டுக்கு நல்வரவு' என்று ஒரு 'டிங்'. திறந்து பார்த்தால் மூன்றாம் வகுப்பு முழுக்கக் காலி. குறிப்புகள் இல்லை, ஆடியோ இல்லை, பால் பாக்கெட் கணக்கு இல்லை. கட்டண ரசீதுகள் மட்டும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்திரமாக இருக்கின்றன. ஆபீசில் கேட்டால், வகுப்பு மாறினால் பழையது பெற்றோர் பக்கத்திலிருந்து போய்விடும், அது ஆப்பின் அமைப்பு என்றார்கள். மாமியார் இரண்டு நாள் என்னிடம் அந்த ஆடியோவைத் தேடச் சொல்லிக்கொண்டே இருந்தார். பணம் கொடுத்து வைத்திருக்கும் ஒரு பொருளில், ஒரு ஆசிரியை நேரம் ஒதுக்கி, தொண்டை வறளப் பதிவு செய்து கொடுத்ததைத் துடைத்துப் போட யார் உரிமை கொடுத்தது? இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

போட்டோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்புப் படங்களை யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்யலாம். சிலர் அதை அப்படியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள், மற்றவர் பிள்ளைகளின் முகத்தோடு. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சேர்க்கைப் படிவத்தில் ஒப்புதல் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்காமல் படித்துப் பாருங்கள்.

தோழிக்கு என் பதில்: ஆப்புக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம்தான் போட்டிருக்கிறேன், அதை மாற்றும் எண்ணமில்லை. ஆனால் நீ பணத்தைக் கட்டிவிடு. உன் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமைக் குறிப்பு வேண்டும். சேர்க்கும்போதே அப்பா எண்ணோடு உன் எண்ணையும் கொடு. பின்னால் மாற்றப் போனால் ஓ.டி.பி. ஒருவர் போனுக்கே போய்க்கொண்டிருக்கும். ஆடியோ வந்த அன்றே போனில் சேமித்து வை, மே மாதம் வரை காத்திருக்காதே. வேன் அண்ணனின் எண்ணை உன் வீட்டில் எல்லோர் போனிலும் போட்டு வை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நான் ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறேன். அவசரத்துக்குத் தனி மணி, பழைய வகுப்புக் குறிப்புகளைத் திருப்பித் தருவது, இரண்டே கோரிக்கை. எங்கள் வகுப்புப் பெற்றோரில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மீதிப் பேர் வீட்டுக்கு இந்தச் சனிக்கிழமை போகிறேன்.