பட்டாவுக்கு என்று சொல்லி வீட்டுப் பங்கை எழுதி வாங்குகிறார்கள்

திருமங்கலம், செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் சமீபத்தில் துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

இப்படி ஏமாந்தவர் என் சித்தி, அம்மாவின் தங்கை. சித்தப்பா மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். உயில் இல்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடும் கொஞ்சம் புஞ்சையும் அவர் பெயரில் இருந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவருடைய அண்ணன் ஒரு பத்திர எழுத்தரைக் கூட்டி வந்தார். "வாரிசு சர்டிபிகேட், பட்டா எல்லாம் நான் பார்த்துக்கிறேம்மா, நீங்க அலையவே வேண்டாம்" என்று சொன்ன அந்த எழுத்தர் கேட்டது நாற்பதாயிரம் ரூபாய். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்குக் கட்டணம் 60 ரூபாய்தான். துக்க வீட்டில் யாருக்குப் பேரம் பேசத் தோன்றும்? சித்தி கொடுத்துவிட்டார்.

சான்றிதழ் சரியாகத்தான் வந்தது. மனைவி, மகள், சித்தப்பாவின் அம்மா என்று மூன்று பேர். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சமபங்கு. இவர்கள் இருக்கும்போது கூடப் பிறந்தவருக்குப் பங்கே கிடையாது. ஆனால் அந்த எழுத்தர், "ஆம்பளைப் பிள்ளை இல்லாததால பெரியவர் பெயரையும் சேர்த்தாத்தான் பட்டா மாறும்" என்று சொல்லி சித்தியைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போயிருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் முன்கூட்டியே பென்சிலில் பெருக்கல் குறி. படித்துப் பார்க்க விடாமல் தாள்களின் மேல்பாதியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாராம். போட்டோ, கைரேகை எல்லாம் எடுத்தார்கள். "சம்மதந்தானேம்மா?" என்று அதிகாரி கேட்டபோது, பட்டாவைத்தான் கேட்கிறார் என்று சித்தி தலையாட்டிவிட்டார்.

எழுதியிருந்தது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது. சித்தியின் மூன்றில் ஒரு பங்கு மொத்தமாக சித்தப்பாவின் அண்ணன் பெயருக்குப் போய்விட்டது.

அடுத்து மகளையும் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். "முதலில் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்றாள். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார்கள். சந்தேகப்பட்டுப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் விவரம்) போட்டுப் பார்த்தாள். அப்போதுதான் குட்டு உடைந்தது. வில்லங்கத்தை இணையத்தில் பார்க்கக் காசு எதுவும் கிடையாது.

அண்ணன்மேல் வருத்தம் இருக்கிறது. ஆனால் தாலியறுத்த வீடாகத் தேடிப் போய் இதையே பிழைப்பாக வைத்திருப்பவர்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

ஒன்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா மாற, இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து இ-சேவையில் விண்ணப்பித்தால் போதும். அதற்குப் பத்திர ஆபீசில் வேலையே இல்லை. "பட்டாவுக்காக ரெஜிஸ்தர் ஆபீசுக்கு வாங்க" என்று யாராவது கூப்பிட்டால், பிள்ளைகளோ வெளி வக்கீலோ பத்திரத்தை முழுசாக வாசிக்காமல் கிளம்பாதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பதிவான விடுதலையை நாமாகப் போய் ரத்து செய்ய முடியாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஏமாற்றியது தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நாங்கள் போட்டுவிட்டோம். வக்கீல் செலவுக்குப் பயந்து இருந்துவிடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.