ஓடிபிசி பூல் கவுண்டர்: இரண்டு வருடமாக அணைக்கவே இல்லை

எங்கள் அலுவலகத்தில் பழைய பில்லிங் புரோகிராம் ஒன்று விண்டோஸ் சர்வரில் ஓடுகிறது. டேட்டாபேஸுக்கு ஓடிபிசி (புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் பொதுவான இடைமுகம்) வழியாகத்தான் போகும். காலையில் கவுண்டரில் (பில் போடும் கவுண்டர்) கூட்டம் சேர்ந்தால் திரை அப்படியே நின்றுவிடும். டேட்டாபேஸ்காரர் நெட்வொர்க்கைக் கைகாட்டுவார், நெட்வொர்க்காரர் டேட்டாபேஸை.

இரண்டு வருடம் முன்பு பவர்ஷெல்லை (விண்டோஸில் கட்டளை தட்டும் திரை) அட்மினாகத் திறந்து, ஓடிபிசி இணைப்புகளை எண்ணிக் காட்டும் கவுண்டர்களை இயக்க 'எனேபிள்-ஓடிபிசிபெர்ஃப்கவுண்டர்' கட்டளையைத் தட்டினேன். விண்டோஸ் 8, சர்வர் 2012 முதல் கூடவே வரும் கட்டளைதான். அந்த எண்களைக் காட்டும் விண்டோஸ் கருவியான பெர்ஃப்மானைத் திறந்தால் எல்லாம் பூஜ்யம். அரை நாள் போன பிறகுதான் உறைத்தது: புரோகிராம் 32 பிட், நான் இயக்கியதோ 64 பிட்டுக்கு மட்டும். கட்டளையில் பிளாட்ஃபார்ம் என்ற இடத்தில் 'ஆல்' கொடுத்ததும் எண்கள் அசைந்தன.

பார்க்க வேண்டியது இரண்டே எண்கள். புதிதாக லாகின் செய்து திறக்கும் இணைப்பு 'ஹார்ட்'. வேலை முடிந்த இணைப்பை மூடாமல் மறுபடி கொடுக்க வைத்திருக்கும் இடம்தான் பூல்; அதில் சும்மா கிடப்பதை எடுத்துக் கொடுத்தால் 'சாஃப்ட்'. எங்களுக்கு ஹார்ட் மட்டும் ஏறிக்கொண்டே போனது, சாஃப்ட் அசையவே இல்லை. பூலிங் ஆனில்தான் இருந்தது! கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை (இணைப்பு திறக்க புரோகிராம் கொடுக்கும் விவர வரி) தோண்டினால், யாரோ புண்ணியவான் அப்ளிகேஷன் பெயரோடு பில் நம்பரையும் ஒட்டி வைத்திருக்கிறார். ஸ்ட்ரிங் ஒவ்வொரு முறையும் மாறினால் பழைய இணைப்பை எப்படித் திருப்பிக் கொடுக்கும்? அந்த நம்பரை எடுத்தோம். மறுநாள் சாஃப்ட் ஏற, ஹார்ட் ஏறக்குறைய படுத்துவிட்டது.

மதியம் மட்டும் ஹார்ட் மறுபடி எட்டிப் பார்த்தது. அது கோளாறு இல்லை. சும்மா கிடக்கும் இணைப்பை 60 விநாடியில் மூடுவது ஓடிபிசியின் இயல்பு. சாப்பாட்டு நேரத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு பில் என்றால் பூலில் எதுவும் மிஞ்சாது. இந்த நேரத்தை நீட்ட ஓடிபிசி டிரைவரின் 'சிபிடைம்அவுட்' மதிப்பைக் கூட்டலாம், நான் அப்படியே விட்டுவிட்டேன்.

குறையும் உண்டு. எந்த ஸ்கிரீன் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்று இந்தக் கவுண்டர் சொல்லாது. டாட்நெட்டில் எழுதிய புரோகிராம்கள் டேட்டாபேஸுக்குப் போகப் பயன்படுத்தும் எஸ்க்யூஎல் கிளையன்ட் தனக்கென்று தனி பூல் வைத்திருப்பதால் அதுவும் இந்தக் கணக்கில் வராது. புதிய புரோகிராம்களுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

கவுண்டரை ஓடவிட்டதால் சர்வர் மந்தமானதாக எனக்குத் தெரியவில்லை. அணைக்க 'டிசேபிள்' என்று தொடங்கும் ஜோடிக் கட்டளை இருக்கிறது. இதுவரை அதைத் தட்டியதில்லை.