கருப்பிக்கு வீடு கிடைத்தது: பழைய 50 எம்எம் லென்ஸ், ஒரு வருட அனுபவம்

வேலந்தாவளம் பக்கம் ஒரு நாய்க் காப்பகத்தில் ஞாயிறுதோறும் தத்துக்கான படங்கள் எடுத்துக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, மனசுக்குப் பிடித்த வேலை. கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் போதவில்லை. கோயம்புத்தூரில் பழைய 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை அகலும், வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்.

கொட்டகைக்குள் வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் அடித்தால் நாய்கள் மிரளும், கண்ணும் பச்சையாக மின்னும். இந்த லென்ஸுக்கு ஃபிளாஷே வேண்டாம். பின்னால் இருக்கும் கம்பி வலைகூட மங்கி மறைந்துவிடுகிறது. கூண்டு தெரியாத படத்துக்குத்தான் போன் வருகிறது, நான் பார்த்த வரைக்கும்.

கருப்பி என்றொரு நாய். கருத்தடை முடிந்த அடையாளமாகக் காது நுனி வெட்டியிருக்கும். நான் நின்றபடி எடுத்ததில் வெறும் நிழல்தான் விழுந்தது. பார்த்துக்கொள்ளும் அக்கா, "தரையில உக்காருங்க தம்பி, நின்னா பயந்துக்கும்" என்றார். உட்கார்ந்தேன். வாசல் வெளிச்சம் அதன் முகத்தில் விழுந்தது. தேன் நிறக் கண், மூக்கின் மேல் நாலைந்து நரைமுடி, எல்லாம் வந்தது. அடுத்த வாரமே பாலக்காட்டுப் பக்கச் சித்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து கூட்டிப்போனது.

குறையும் உண்டு. எஃப் 1.8-இல் மூக்கு தெளிந்தால் கண் மங்கும், துளையைக் கொஞ்சம் சுருக்கி எஃப் 2.8 வையுங்கள், நாய் அசைந்தாலும் படம் கலங்காமல் இருக்க ஷட்டர் வேகம் 1/500 நொடி. ஒரு முழத்துக்குள் நெருங்கினால் ஃபோகஸ் தடுமாறும், குட்டிகளோ லென்ஸை நக்கத்தான் வரும். அப்புறம், ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய்ப் புழுதி. ஒரு ஃபில்டர் கட்டாயம் மாட்டுங்கள்.