அம்மாவின் ட்வின் டப்: பாதி மெஷினை மட்டும் மீட்டால் போதாதா?

தொண்ணூறுகளில் நம் ஊர் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த வாஷிங் மெஷின் பெரும்பாலும் செமி ஆட்டோமேட்டிக் ட்வின் டப்தான். ஒரு தொட்டி துவைக்க, பக்கத்துத் தொட்டி பிழிய, மேலே மூன்று நான்கு திருகு குமிழ்கள். அவற்றில் பல இன்னும் எங்கும் போய்விடவில்லை. மாடிப்படிக்கு அடியிலோ பின்கட்டிலோ, தலையில் பழைய செய்தித்தாள் கட்டைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. "அம்மா வச்சிருந்த மெஷின், சரி பண்ணி ஓட்டலாமா?" என்று யாராவது கேட்டால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். 'அந்தக் காலத்து இரும்பு மாதிரி வருமா' என்பது ஒன்று. 'எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கு' என்பது இன்னொன்று.

இரண்டு கட்சியும் மெஷினை ஒரே பொருளாகப் பார்ப்பதுதான் சிக்கல். ட்வின் டப்பைத் திறந்து பார்த்தால் ஒரே பெட்டிக்குள் இரண்டு மெஷின் இருப்பது தெரியும். தனித்தனி மோட்டார், தனித்தனி டைமர், தனித்தனி கோளாறுகள். பொதுவாக இருப்பது வெளித்தகடும் பிளக் வயரும் தண்ணீர் வெளியேறும் வழியும்தான். அதனால் துவைக்கும் பாதிக்கு ஒரு தீர்ப்பு, பிழியும் பாதிக்கு வேறொரு தீர்ப்பு என்று பிரித்துப் பார்ப்பதே சரி என்பது என் கட்சி.

துவைக்கும் பக்கம்: தயங்காமல் இறங்கலாம்

இந்தப் பக்கத்தில் இருப்பது மிக எளிய ஏற்பாடு. ஓர் இண்டக்‌ஷன் மோட்டார், அதிலிருந்து பெல்ட், பெல்ட்டின் மறுமுனையில் ஒரு கியர் பாக்ஸ் அல்லது பேரிங், அதன் தலையில் பல்சேட்டர் என்கிற பிளாஸ்டிக் தட்டு. மோட்டாரில் ஒரே மாதிரியான இரண்டு கம்பிச் சுற்றுகள், அதாவது காயில்கள், உண்டு. கெப்பாசிட்டர் எந்தக் காயிலோடு தொடரில் நிற்கிறதோ அதைப் பொறுத்து மோட்டார் வலமாகவோ இடமாகவோ சுற்றும். அதை மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் டைமரின் வேலை. உள்ளே ஸ்பிரிங்கும் பற்சக்கரமும் தாமிரத் தொடுமுனைகளும் மட்டுமே. போர்டு, சிப் எதுவும் கிடையாது.

கோளாறும் தன்னைத் தானே சொல்லிவிடும். ஒரு திசையில் மட்டும் சுற்றினால் முதலில் டைமரைச் சந்தேகப்படலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்றினால் பல்சேட்டர் லேசாகச் சுற்றுகிறது, ஆனால் மின்சாரம் கொடுத்தால் 'உம்' என்று மட்டும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். வெறும் தண்ணீரில் ஓடி, துணி போட்டதும் திணறினால் பெல்ட். அடியில் ரப்பர் தூள் கொட்டியிருந்தால் அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. கெப்பாசிட்டர் பொதுவாக 10 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும். எதற்கும் பழையதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து, அதே அளவில், 440 வோல்ட் தாங்குவதாக வாங்க வேண்டும். கழற்றும் முன் ஒரு குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் தொட்டுவைத்தால் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். இவை எல்லாமே சில நூறு ரூபாய்ச் சாமான்கள்.

பல்சேட்டரைக் கழற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். நடு ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. அவசரப்பட்டு நெம்பினால் தட்டின் மையப் பற்கள் உடையும். வேறு தட்டு வாங்கும்போது அந்தப் பற்களின் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் தண்டில் உட்காராது. கழன்று வந்தபின் அடியில் பார்க்க வேண்டுமே! ஊக்கு, சட்டைப் பொத்தான், பத்து பைசா, அதற்குமேல் போர் தண்ணீர் படியவைத்த வெள்ளைப் பாறை. எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊறவிட்டால் உப்புப் பாறை இளகிவிடும். ஆசிட் ஊற்றினால் வேகமாகப் போகும்தான். கூடவே தண்டையும் அரித்துவிடும்.

கவனமாகப் பார்க்க வேண்டிய ஒரே இடம் தண்டைச் சுற்றியுள்ள சீல். அது கசிந்தால் தண்ணீர் பெல்ட்டில் இறங்கும், பேரிங் துருப்பிடிக்கும். பேரிங்கை மாற்றுகிறவர்கள் சீலைப் பழையதாகவே விட்டுவிட்டால் கொஞ்ச நாளில் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

பிழியும் பக்கம்: இங்கே கணக்கு வேறு

பிழியும் கூடை நேரடியாக மோட்டார் தண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். நடுவில் பெல்ட் இல்லை, வேகத்தைக் குறைக்க எதுவும் இல்லை. 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள கூடை நிமிடத்துக்கு 1,350 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், விளிம்பில் இருக்கும் ஈரத்துணி தன் எடையைப்போல ஏறக்குறைய 250 மடங்கு விசையோடு சுவரை அழுத்துகிறது. ஒரு கிலோ ஈரத்துணி கால் டன் ஆகிறது. முப்பது வருடப் பழைய பிளாஸ்டிக் கூடை இதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. வயதான பிளாஸ்டிக் விறைத்துப்போகும். மயிரிழை விரிசல் இருந்தால் சோப்புக் கறையில் கண்ணுக்கும் படாது.

அடுத்தது பிரேக். மூடியைத் திறந்ததும் மின்சாரம் நின்று, பிரேக் பிடித்து, சில விநாடிகளில் கூடை நிற்க வேண்டும். பழைய மெஷின்கள் பலவற்றில் பிரேக் கம்பி அறுந்தோ தளர்ந்தோ கிடக்கும். மூடி திறந்திருந்தாலும் ஓடும்படி அதன் சுவிட்சையே நேராக இணைத்துவிட்ட மெக்கானிக்குகளும் உண்டு. சுற்றுகிற கூடைக்குள் கை போனால் துணி கையைச் சுற்றிக்கொண்டு இழுக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதற்குச் சமாதானமே கிடையாது.

மோட்டாரைத் தாங்கும் ஸ்பிரிங்குகளும் ரப்பர்களும் தொய்ந்திருந்தால் கூடை 'டம் டம்' என்று தொட்டியில் மோதும். கூடைக்கு அடியில் இருக்கும் ரப்பர் சீல் கிழிந்தால் தண்ணீர் நேராக மோட்டார் தலையில் விழும். காயில் எரிந்த பிழியும் மோட்டாரைப் பார்த்தால் இந்த சீலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தப் பக்கத்தை மீட்கவே முடியாது என்று சொல்லவில்லை. சீல், ஸ்பிரிங், பிரேக் ஷூ, கம்பி எல்லாம் கடையில் கிடைக்கும். ஆனால் கூடை அந்தந்த மாடலுக்கே உரியது. 1980களின் கடைசியில் டிவிஎஸ்ஸும் வேர்ல்பூலும் கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் மெஷின் தயாரித்த காலத்துச் சரக்கோ, 2018-இல் திவால் நடவடிக்கைக்குள் போன வீடியோகானின் பழைய மாடலோ உங்களிடம் இருந்தால், புதுக் கூடை கிடைப்பது குதிரைக்கொம்பு. இன்னொரு பழைய மெஷினிலிருந்து கழற்றியதுதான் வரும். அதற்கும் அதே வயது!

கூடையில் விரிசல் என்றால் பிழியும் பக்கத்தின் வயரைத் துண்டித்து, முனைகளைக் காப்பிட்டு மூடிவிட்டு, துவைக்கும் பக்கத்தை மட்டும் ஓட்டுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. நம் வெயிலுக்குப் பிழியாத துணியும் கொடியில் தொங்கவிட்டால் காய்ந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் கொஞ்சம் திண்டாட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

காயில் கட்டுவதா, வேறு மோட்டாரா?

மோட்டார் எரிந்திருந்தால் இந்தக் கேள்வி வரும். புது மோட்டார் வாங்கி மாட்டுவது எளிது, வேலை அன்றே முடியும். ஆனால் விலை குறைந்த மாற்று மோட்டார்களில் அலுமினியச் சுற்று அதிகம். அந்தக் காலத்தவை பொதுவாகத் தாமிரம். மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோனபோது, "சார், உள்ள முழுக்க காப்பரு. வேண்டாம்னா சொல்லுங்க, நானே எடுத்துக்கறேன்" என்றார். அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா என்ன. துவைக்கும் மோட்டார் என்றால் காயில் கட்டுவேன். அச்சும் பேரிங்கும் நன்றாக இருந்தால் அது இன்னும் பல வருடம் ஓடும். பிழியும் மோட்டார் என்றால் செலவு செய்யும் முன் கூடையைப் பார்ப்பேன்.

மோட்டாரை வாங்கி வரும்போதே மெக்கர் என்கிற சோதனைக் கருவியை வைத்து மின்கசிவு பார்த்துத் தரச் சொல்லுங்கள். இரும்புத் தகடு, ஈரத் தரை, வெறுங்கால் மூன்றும் சேரும் இடம் இது. பழைய வீட்டு பிளக்கில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருக்கும். அதில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பதும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி போடுவதும் மெஷினைச் சரிசெய்வதற்கு முன்னால் வர வேண்டிய செலவு. அடியில் எலி நுழையாமல் கம்பி வலையும் அடித்துவிடுங்கள். எலி கடித்த வயர் இல்லாத பழைய மெஷினை நான் பார்த்ததில்லை.

அழகுக்கு எவ்வளவு?

துரு பெரும்பாலும் அடித்தகட்டில்தான் இருக்கும். பிரஷ்ஷால் எனாமல் அடிப்பது மலிவு, ஆனால் கோடு தெரியும். பவுடர் கோட்டிங் உறுதியானது. அதற்கு எல்லாவற்றையும் கழற்றி வெறும் தகடாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சூட்டு அடுப்பில் 180 டிகிரிக்கும் மேல் வேகவைப்பார்கள். கார் டிங்கரிங் பட்டறையில் துருவைச் சுரண்டி, ப்ரைமர் கொடுத்து டுகோ என்கிற கார் பெயிண்ட் அடிப்பது நடுவழி. என் ஓட்டு அதற்குத்தான். பழைய நிறத்தையும் ஓரளவு ஒத்துக் கலந்து தருவார்கள். முன்பக்கப் பலகையில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனமும் குங்குமமும் கறையாகப் படிந்திருக்குமே, அதைத் துடைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

புதுசோடு வைத்துப் பார்த்தால்

புது 7 கிலோ செமி ஆட்டோமேட்டிக் இன்று ஏறக்குறைய 8,000 முதல் 12,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. உடம்பு பிளாஸ்டிக், துரு இல்லை, உத்தரவாதம் உண்டு, எடை குறைவு. காயில், பெயிண்ட், பேரிங் என்று பழையதை முழுசாகப் புதுப்பித்தால் செலவு இதில் பாதியைத் தாண்டுவது சுலபம். வெறும் காசுக் கணக்கில் புதுசுதான் ஜெயிக்கும். பெல்ட்டும் கெப்பாசிட்டரும் போட்டு ஓடவைப்பதோடு நிறுத்திக்கொண்டால் பழையது ஜெயிக்கும். நடுவில் நிற்பதுதான் நஷ்டம்.

மின்சாரத்தைக் காரணம் காட்டி மாற்றச் சொன்னால் நம்ப வேண்டாம். துவைக்கும் மோட்டார் இழுப்பது சுமார் 350 வாட். 15 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. வெந்நீரில் துவைக்கும் ஃப்ரண்ட் லோடின் ஹீட்டர் மட்டுமே 2 கிலோவாட் அளவுக்கு இழுக்கும்.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கோடு ஒப்பிடுவது வேறு பந்தயம். அதன் லாபம் நம் நேரம். துணியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம். வயதானவர்கள் ஈரத்துணியைத் தூக்கித் தூக்கித் தொட்டி மாற்ற வேண்டியதில்லை. முதுகு வலி உள்ள ஒருவர்தான் வீட்டில் துவைக்கிறார் என்றால் பழைய மெஷின் பாசத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். ஆனால் ஃபுல்லி ஆட்டோமேட்டிக்குக்குக் குழாயில் ஓரளவு அழுத்தத்தோடு தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். ட்வின் டப்புக்கு ஒரு வாளி போதும். அம்மா ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, அடுத்து பள்ளிக்கூட யூனிஃபார்ம், கடைசியில் மிதியடி என்று மூன்று ஈடு எடுத்துவிடுவார். லாரித் தண்ணீரை நம்பிக் கோடையை ஓட்டும் தெருவில் இந்த வசதிக்கு விலையே கிடையாது.

சரி, எல்லாம் பார்த்து எடைக்கே போடுவது என்று முடிவானால், 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில் வாஷிங் மெஷினும் அடக்கம். காயலான் கடையில் சுத்தியலால் உடைபடுவதைவிட, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ எக்ஸ்சேஞ்சிலோ கொடுப்பது மேல். அதற்கு முன் இரண்டு டைமரையும் பல்சேட்டரையும் திருகு குமிழ்களையும் கழற்றி, பக்கத்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள். அதே மாடலை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அவற்றைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.