காலியாக இருந்த கட்டத்தைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டோம்

பள்ளியில் படிக்கும் பிள்ளையை வயது வந்தோர் கல்விக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே தலையாட்டிவிடாதீர்கள். என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவனுக்கு அப்போது 16 வயது. உடம்பு சரியில்லாமல் மூன்று மாதம் படுத்துவிட்டான், வருகைப்பதிவும் குறைந்தது, கணக்கிலும் பின்தங்கினான். பள்ளியில் அம்மாவைக் கூப்பிட்டு, மாலை வகுப்புதான், ஒரே வருடத்தில் முடித்துவிடுவான், சான்றிதழ் எல்லாம் ஒன்றுதான் என்று அவ்வளவு கனிவாகப் பேசினார்கள். அம்மா நம்பிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் காரணம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அப்புறம் நான் மூன்று முறை அலைந்து நகல் வாங்கிப் பார்த்தால், அதில் வேறு யாருடைய எழுத்திலோ ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று இருந்தது.

மையத்தில் முதல் நாள் முடிந்து தம்பி ஒரு தாளோடு வந்தான். வங்கியில் பணம் கட்டும் படிவத்தை நிரப்பும் பயிற்சி. இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்த பையன்! கூட இருந்தவர்கள் எல்லாம் அம்மா வயது. அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, சின்ன வயதில் படிக்கக் கிடைக்காதவர்கள், வேலை முடிந்த களைப்போடு வந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள், அந்த வகுப்பே அவர்களுக்கானதுதான். வயது வந்தோர் கல்வி என்ற ஒரே பெயரில் எழுத்தறிவு வகுப்பும் நடக்கும், பள்ளி இறுதித் தேர்வுக்கு இணையான தேர்வை எழுதவைக்கும் படிப்பும் நடக்கும். இவனைச் சேர்த்தது முதலாவதில். இரண்டாவதற்கு 18 வயது ஆக வேண்டுமாம், அதுவும் மூன்றாவது வாரம்தான் தெரிந்தது.

தவறிவிடுவான் என்று நினைக்கும் பிள்ளையைத் தேர்வுக்கு முன்பே அனுப்பிவிட்டால் பள்ளியின் தேர்ச்சி விகிதம் உயரும், மாற்றம் என்று எழுதிக்கொண்டால் இடைநிற்றல் கணக்கிலும் வராது. எங்கள் விஷயத்தில் அதுதான் காரணமா என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை.

பள்ளியில் திரும்பச் சேர்க்கக் கேட்டபோது ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற அந்த ஒரு வரியைத்தான் காட்டினார்கள். பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகளைக் குறைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 1989இல் ஐநா ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 28ஆவது பிரிவு சொல்கிறது, மேலதிகாரிக்கு எழுதிய முறையீட்டை அதிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் பள்ளி சொல்வதை மட்டும் கேட்காமல் அந்த மையத்துக்கே நேரில் போங்கள். எந்தத் தேர்வு, அந்தச் சான்றிதழை வைத்து மேற்படிப்பில் சேரலாமா, ஏற்கெனவே தேறிய பாடங்கள் கணக்கில் வருமா, பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் பள்ளிக்குத் திரும்பலாம், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கற்றல் குறைபாட்டுக்காகப் பிள்ளைக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்துவந்தால் அது அங்கே தொடருமா என்று கட்டாயம் கேளுங்கள். அங்கே இடம் உறுதியாகும்வரை இங்கே பெயரை நீக்க விடாதீர்கள்.

ஏழு மாதம் கழித்துத் தம்பியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், கூடப் படித்தவர்களுக்கு ஒரு வகுப்பு கீழே. அன்றைக்கும் ஒரு படிவம் நீட்டினார்கள். அம்மா எல்லாக் கட்டத்தையும் தன் கையாலேயே நிரப்பி, கைபேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.