எங்கள் பட்டண மருத்துவமனையின் மாவுக்கட்டு அறை: பருமனான பிள்ளையின் பெற்றோர் பார்வையில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிறுபட்டணத்து அரசு மருத்துவமனையின் மாவுக்கட்டு அறையைப் பற்றி எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளித் திடலில் விழுந்த என் மகனுக்கு முன்கை எலும்புகள் இரண்டும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து விலகியிருந்தன. வயதுக்கு மீறிய எடை உடையவன் என்பதால், சிகிச்சையில் அந்த எடையை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதையே நான் அதிகம் கவனித்தேன்.

இந்த அறையின் சிறப்பு அங்குள்ள மருத்துவ உதவியாளரின் கைத்திறன். மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் எலும்பை நேராக்கிய பிறகு, மாவு இறுகுவதற்குள் அவர் முன்கையின் முன்புறத்தையும் பின்புறத்தையும் உள்ளங்கைகளால் அழுத்தி, கட்டை உருண்டையாக விடாமல் தட்டையாக்கினார். கொழுப்பும் தசையும் தடித்திருக்கும் கையில் வெளியிலிருந்து தரும் அழுத்தம் எலும்பை முழுமையாகச் சென்றடைவதில்லை என்றும், அதனால் பருமனான பிள்ளைகளுக்குக் கட்டுக்குள்ளேயே எலும்பு மறுபடியும் விலகும் வாய்ப்பு அதிகம் என்றும் அவரே விளக்கினார். ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. எக்ஸ்ரேயில் பக்கவாட்டில் தெரியும் கட்டின் உள் அகலத்தை, முன்பக்கப் படத்தில் தெரியும் அகலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் 0.8-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது எலும்பு மருத்துவர்கள் பார்க்கும் கணக்கு. மருத்துவர் அதைத் திரையில் அளந்தே எங்களை அனுப்பினார். பஞ்சை அளவுக்கு மேல் சுற்றினால் கட்டு தளர்ந்துவிடும் என்பதால் அதிலும் சிக்கனம் காட்டினார்கள்.

எடையைப் பற்றி இவ்வளவு பேசியும் பையனைக் குறைத்துப் பேசும் ஒரு சொல்கூட அங்கே எழவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 14.8 விழுக்காட்டினர் பருமனானவர்கள். ஆகவே இத்தகைய கைகள் அவர்களுக்குப் பழகியவையே. உறவினர் வீடுகளில் கிடைக்காத நாகரிகம் அது.

தொடர் கவனிப்பும் பாராட்டத்தக்கது. விலகல் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் நேர்வதால் வாரந்தோறும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். வீக்கம் வடிந்து கட்டு தொளதொளத்தபோது, வேறு நாளைக்கு வரச் சொல்லாமல் உடனே மாற்றினார்கள். மணிக்கட்டுக்கு அருகில் ஏற்படும் சிறு வளைவு சிறுபிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே நேராகிவிடும் என்றும், எலும்பு முறுக்கிக்கொண்டால் அப்படிச் சரியாகாது என்றும் பொறுமையாகச் சொன்னார்கள். விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ, விரலை நீட்டும்போது தாங்க முடியாத வலி வந்தாலோ, நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்பதைத் தாதி இரண்டு முறை வலியுறுத்தினார்.

குறைகளும் உண்டு. காத்திருப்பு நீண்டது, காலையில் குலை வெட்டி முடித்து வரும் தோட்டத் தொழிலாளிக்குப் பாதிநாள் சம்பளம் போய்விடும். கட்டைப் பராமரிக்கும் குறிப்புத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்ததால், வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு நான் வரிவரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பருமனான கையில் முழங்கைக்கு மேலுள்ள கட்டு கீழே நழுவக்கூடும் என்பது அதில் இடம்பெறவே இல்லை. அதைச் சேர்ப்பது பெரிய செலவில்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை தனியார் மருத்துவமனையோடு ஒப்பிடவே இடமில்லை. எளிய முறிவுக்கு இந்த அறையை நம்பிப் போகலாம். ஆனால் பிள்ளை பதின்ம வயதை எட்டியவனாகவும் கனமானவனாகவும் இருந்து, முன்கையின் நடுப்பகுதியில் இரு எலும்புகளும் முறிந்திருந்தால், எலும்புக்குள் கம்பி செலுத்தும் அறுவை தேவைப்படலாம். அதற்கான வசதி இங்கில்லை. ஈப்போ நகரிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருக்குமா என்பதை முதல் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.