நைலான் வெல்டிங் என்று சொல்லிப் பசை பூசிக் கொடுத்தார்கள்: 18,500 ரூபாய் போயிற்று

நேற்றிரவு பதினொன்றரை மணிக்கு என் கார் இழுவை வண்டியின் முதுகில் ஏறிக் கோவைக்கு வந்து சேர்ந்தது. எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். பிளாஸ்டிக் டேங்க் வைத்த ரேடியேட்டர் (என்ஜின் சூட்டைத் தணிக்கும் பாகம்) உள்ள பழைய கார் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

வண்டி 1996-ம் ஆண்டு மெர்சிடிஸ் ஈ220, டபிள்யூ124 வரிசை. மாமனார் வாங்கியது. அவர் போன பிறகு அதை விற்கும் பேச்சை எடுத்தாலே மாமியார் சாப்பிட மாட்டார். ஆகவே நான்தான் பராமரிக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் ஷெட் தரையில் கூலண்டின், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின், பச்சைத் துளிகளைப் பார்த்தேன். பானட்டைத் திறந்தால், ரேடியேட்டரில் மேல் ஹோஸ் (ரப்பர்க் குழாய்) மாட்டுகிற பிளாஸ்டிக் கழுத்தின் அடியில் வெள்ளையாகப் படிவு. துடைத்துப் பார்த்தேன்: முடியளவு விரிசல். இந்த வரிசைக் கார்களில் அந்தக் கழுத்துதான் பேர்போன பலவீனம். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து வெந்து பிளாஸ்டிக் அப்பளம் போல் ஆகிவிடுகிறது. ஹோஸை இறுக்கும் கிளாம்பைச் சற்று அழுத்தி முறுக்கினாலே போதும், உடைந்துவிடும்.

அம்பாசிடராக இருந்திருந்தால் கவலையே இல்லை. அதில் இருந்தது பித்தளை ரேடியேட்டர். உக்கடம் பக்கம் கொண்டுபோனால் ஈயத்தைக் காய்ச்சி ஒரு மணி நேரத்தில் அடைத்துக் கொடுத்துவிடுவார்கள். இது அலுமினியக் கூடு, இரண்டு பக்கமும் நைலான் டேங்க், நடுவே ரப்பர் கேஸ்கட், சுற்றிலும் அலுமினியப் பற்களை மடித்துப் பிடித்திருப்பார்கள். ஈயமும் ஒட்டாது, சாதாரணப் பசையும் நிற்காது.

பழைய வெளிநாட்டுக் கார்களுக்கென்றே தனியாக நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறை. பெயர் சொல்ல மாட்டேன். கண்ணாடி போட்ட வரவேற்பறை, சுவரில் பழைய கார்களின் படங்கள், இஞ்சி டீ. அங்கேதான் போனேன்.

நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். பட்டறைக்காரர் டார்ச்சை அடித்து டேங்கின் ஓரத்தில் அச்சாகியிருந்த எழுத்துகளைக் காட்டினார். "பாருங்கள் சார், பிஏ66, ஜிஎஃப்30. நைலான் 66, முப்பது சதவீதம் கண்ணாடி இழை. இதற்கு இதே நைலான் கம்பியை உருக்கித்தான் வெல்டிங் செய்ய வேண்டும். எபாக்ஸிப் பசை பூசுபவன் உங்களை ஏமாற்றுகிறான் என்று அர்த்தம்." அப்படியே சொன்னார்! எபாக்ஸி பூசுபவன் ஏமாற்றுக்காரன் என்று அவர் வாயாலேயே சொன்னார். பற்களை நிமிர்த்தி டேங்கைக் கழற்றி, உள்ளும் புறமும் வெல்டிங் செய்து, கழுத்துக்குள் ஓர் அலுமினியக் குழாய்த் துண்டைச் சொருகிப் பலப்படுத்தி, புது கேஸ்கட் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துத்தான் தருவார்களாம். பக்கத்தில் அப்படி ஒரு தொட்டியும் இருந்தது. அதில் வேறு ஏதோ ரேடியேட்டர் கிடந்தது.

விஷயம் தெரிந்தவர் பேசுகிறார் என்று நினைத்தேன். விஷயம் தெரிந்தவர்தான், அதில் சந்தேகமில்லை. வயிற்றெரிச்சலே அங்கேதான். செய்யத் தெரியாதவன் கெடுத்திருந்தால் மன்னித்திருப்பேன்.

வெல்டிங் 12,000, கேஸ்கட் 2,500, கூலண்ட் 1,800, கூலி 2,200. மொத்தம் 18,500. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "ரசீது போட்டால் வரி சேரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். தலையாட்டினேன். 18,500 ரூபாயை எண்ணிக் கையில் கொடுத்தேன். வண்டி ஐந்தாம் நாள் வந்தது. கழுத்தில் கறுப்புச் சாயம் அடித்துப் புதிது போல் மினுங்கியது. நகரத்துக்குள் பத்து நாள் ஓட்டினேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நேற்று குன்னூரில் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். மேட்டுப்பாளையம் வரை என்ஜின் வெப்பத்தைக் காட்டும் முள் 80-க்குச் சற்று மேலே அசையாமல் நின்றது. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கிய மூன்றாவது வளைவில் 100-ஐத் தாண்டியது. ஏ.சி.யை நிறுத்தினேன். சூடு ஏறும்போது ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் கொஞ்சம் வெப்பம் வெளியேறும் என்பது பழைய உபாயம், திறந்தேன். குளிர்ந்த காற்று வந்தது. ஏன் என்று யோசிப்பதற்குள் முன்னால் "டப்" என்று ஒரு சத்தம், கண்ணாடி முழுக்க வெள்ளை ஆவி. மனைவி கதவைத் திறந்துகொண்டு சாலையில் குதித்தாள். பின்னால் வந்த பஸ் நல்லவேளையாகத் தூரத்தில் இருந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் வயதானவர். ஆறும் வரை கூலண்ட் ஊற்றும் மூடியைத் தொடவே விடவில்லை. அந்த மூடியில் 140 என்று பொறித்திருக்கும், 1.4 பார் அழுத்தம் வரை உள்ளே பிடித்து வைக்கும். சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும். முக்கால் மணி நேரம் கழித்து, உடைந்து ஹோஸோடு தொங்கிய கழுத்தை எடுத்து என் கையில் வைத்தார். "என்னங்க சார் இது, வீட்டுக் குழாய்க்குப் பூசுகிற மாவு" என்றார்.

அதேதான். இரண்டு உருண்டைகளைக் கலந்து பிசைந்து பூசும் எபாக்ஸி மாவு. பரப்பைச் சுரண்டாமல், எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே அப்பியிருந்தார்கள். தகடு போல் முழுசாக உரிந்து வந்தது. உள்ளே அலுமினியக் குழாயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால் மடிப்புப் பற்கள் ஒன்றுகூட நிமிர்த்தப்படவில்லை. முப்பது வருடப் புழுதி பல்லிடுக்கில் அப்படியே கெட்டித்திருந்தது. டேங்கை அவர்கள் திறக்கவே இல்லை! கேஸ்கட்டுக்கு வாங்கிய 2,500 எங்கே போயிற்று?

இன்னும் இருக்கிறது. அடியிலிருந்து வடிந்தது கூலண்ட் அல்ல, சாயம் கலந்த குழாய்த் தண்ணீர். அதோடு பழுப்பு நிறத்தில் சகதி. ஒழுகலை அடைப்பதற்கென்று உள்ளே கொட்டும் பொடியைத் தாராளமாகக் கொட்டியிருக்கிறார்கள். பத்து நாள் சொட்டாமல் இருந்த மர்மம் இதுதான். அந்தப் பொடி விரிசலை மட்டும் தேடிப்போய் அடைக்காது. ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் ஹீட்டரின் குழல்களையும் சேர்த்தே அடைக்கும். ஹீட்டரில் குளிர் காற்று வந்த காரணம் அப்போது புரிந்தது.

இழுவை வண்டிக்கு 4,500. அது தனி.

மலையடிவாரத்தில் நின்றபடியே பட்டறைக்குப் பேசினேன். முதலில் எடுத்த பையன் "முதலாளி வெளியே போயிருக்கிறார்" என்றான். இரண்டாவது முறை "படம் அனுப்புங்கள், பார்க்கிறோம்." ஏழு படங்கள் அனுப்பினேன். நீல நிறக் குறி விழுந்தது, பதில் இல்லை. மூன்றாவது முறை முதலாளியே எடுத்தார். "மலையில் ஏன் சார் ஏற்றினீர்கள்? பழைய வண்டி அல்லவா?" என்றார். மலையில் ஏற்றக்கூடாது என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்றேன். "பிளாஸ்டிக்குக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்." வெல்டிங் எங்கே என்று கேட்டேன். "செய்தோமே, அதன் மேல் பூச்சுதான் நீங்கள் பார்த்தது." மடிப்புப் பற்களைப் பற்றிக் கேட்டதும், "சார், ஒரு வாடிக்கையாளர் வந்திருக்கிறார்" என்று வைத்துவிட்டார். இன்று காலையிலிருந்து மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. 18,500 ரூபாய் வாங்கும்போது வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்ட மனிதர் இவர்.

இத்தனைக்கும், இந்த வண்டிக்கு வேறு நிறுவனம் தயாரித்த முழுப் புது ரேடியேட்டரை இன்று விசாரித்தேன். அந்த 18,500-லேயே வாங்கிப் பொருத்திக் கூலியும் கொடுத்திருக்கலாம். டேங்கை அசலாகவே காப்பாற்ற வேண்டும் என்ற என் ஆசையை அவர் சரியாக முகர்ந்துவிட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. அவசரமாகச் சில: கழுத்தில் விரிசல் என்றால் ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். டேங்கைக் கழற்றினோம் என்று யார் சொன்னாலும் மடிப்புப் பற்களைப் பாருங்கள். நிமிர்த்தி மடித்த தடம் பளிச்சென்று தெரியும். அழுத்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். அடைப்புப் பொடியைத் தொடவே விடாதீர்கள். கூலண்ட் டப்பாவை முத்திரை உடையாமல் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ரசீது வாங்குங்கள், வரி போனாலும் போகட்டும். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இந்த அளவுத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. என் கையில் இருப்பதோ கையெழுத்தில்லாத ஒரு துண்டுச் சீட்டு. அதையும் அந்த எபாக்ஸித் தகட்டையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போகப்போகிறேன்.

என்ஜினின் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) அலுமினியம். இந்தச் சூட்டில் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு என்று மெக்கானிக் சொல்கிறார். நாளை கழற்றுகிறார்கள். வண்டி சர்வீஸுக்குப் போயிருப்பதாக மாமியாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.